மூன்று கட்டையிலிருந்து இரண்டரைக்கு

மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். பங்குனி பிறக்கும் முன்னே இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் அண்ணன் மகன் குழு திண்டுக்கல்லிலிருந்து வந்து நம்ம ஊர்க் கல்லூரி விழாவில் வாசிக்கப் போவது ரொம்ப சந்தோஷம். அமெரிக்க ராக் குழு மெட்டாலிகாவின் பழைய பாட்டையும் பிந்திய பாட்டையும் சேர்த்து வாசிக்கிறார்கள், எதுவும் ரெக்கார்டில் கேட்கிற மாதிரி வரவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படி வரும்? மெட்டாலிகா 1983-இல் வாசித்ததும் 2003-இல் வாசித்ததும் ஒரே கிதாருக்குள் அடங்காது.

"காசுக்காக மாறிட்டாங்க" என்று ரசிகர்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஒரு குழுவின் சத்தம் மாறியிருந்தால் முதலில் சுருதியைப் பார், அப்புறம் கம்பியின் தடிமன், அப்புறம் ஒலிப்பதிவு மேசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது. முக்கால்வாசி பதில் அங்கேயே இருக்கும்.

ஆரம்பத் தொகுப்புகளில் கிதாரின் அடிக்கம்பி (ஆகத் தடித்தது) ஈ (E) என்ற சுரம், நம் சுருதிக் கணக்கில் மூன்று கட்டை. 1990-களின் நடுவில் இரண்டரைக்கு இறங்கினார்கள். மேடையில் பழைய பாட்டையும் அதிலேயே வாசித்தார்கள். பாடுகிறவர் தொண்டைக்கு அது சுகம். வயது ஏறும்போது அரைக்கட்டை இறங்குவது நம் கச்சேரி மேடையிலும் உள்ளதுதானே. 2003-இல் அடிக்கம்பி ஒரு கட்டைக்கே போய்விட்டது. இந்த இறக்கத்துக்கெல்லாம் மூத்தவர் பிளாக் சபாத் என்ற ஆங்கிலேயக் குழுவின் கிதார்காரர் டோனி அயோமி. தகரப் பட்டறை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர். நுனியில் தொப்பி மாட்டி வாசித்தவருக்குத் தளர்ந்த கம்பி அழுத்தச் சுலபம்; 1971-இல் ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். இன்று உலகமே கனமான சத்தம் என்று கொண்டாடுவது அந்த விரல்களிலிருந்து வந்தது.

பையன்கள் சறுக்குவது இங்கேதான். 9–42 கம்பி செட்டை (மெல்லியது 9, தடித்தது 42, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) மாற்றாமல், சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்துத் திருகி இறக்குகிறார்கள். அரைக்கட்டை இறக்கினால் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், அது பரவாயில்லை. ஈ-யிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். கம்பி தொளதொளத்து, ஓங்கி அடித்ததும் சுருதி ஒரு கணம் மேலே எகிறி அப்புறம் இறங்கும். கிதாரின் கழுத்தும் பின்னால் வளைந்து முதல் சில ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) கிறீச் என்று உரசும்.

இரண்டரைக் கட்டைக்கு 10–46 செட் போடச் சொல். ஒரு கட்டைக்கு 11–54. அதில் ஆறு கம்பிகளின் சுரம் அடியிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. தடிமன் ஏறினால் வேறு வில்லங்கம் வரும்: கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்ளும். திருகும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டால் அதுதான். பள்ளத்தை மெல்லிய அரத்தால் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்த வேண்டும், ஆழம் கூடக்கூடாது. கூடினால் வெறும் கம்பி உரசும். பிறகு பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் வழுக்கும். கடைசியாக 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பகுதி) அந்தக் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிற வகை என்றால் அந்தக் கிதாரில் சுருதி மாற்றவே வேண்டாம். ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும்.

ஒலிபெருக்கியான ஆம்ப் விஷயம். மெட்டாலிகாவின் 1988 தொகுப்பில் பேஸ் கிதார் (கீழ்ச்சுருதிக் கிதார்) காதிலேயே விழாது. கலவையில் அதை அமுக்கிவிட்டார்கள். போதாததற்கு அது கிதார் வரிசையையே ஒட்டி நடந்தது. 1991-இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளர் ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்ததும் பேஸுக்கு இடம் கிடைத்தது, பாட்டின் நடையும் நிதானமாயிற்று. எனக்கு அந்த மாற்றம் நல்லதாகவே படுகிறது. பையன்கள் அந்த 1988 சத்தத்துக்காக ஆம்பில் மிட்டை (நடுத்தர ஒலியின் குமிழ்) பூஜ்யத்துக்கு இறக்குகிறார்களாம். அறையில் அது கம்பீரமாகத்தான் இருக்கும். திறந்த மைதானத்தில் டிரம்ஸும் கூட்டமும் சேர்ந்தால் கிதார் இருக்கிற இடமே தெரியாது. மிட் 4-க்குக் கீழே போக வேண்டாம், கரகரப்பைக் கூட்டும் கெய்னை வேண்டுமானால் குறைக்கட்டும்.

2003 பாட்டுக்கு ஸ்னேர் டிரம்மின் அடியில் உரசும் கம்பிகளை விசையால் தளர்த்திவிட வேண்டும், அந்தத் தகர ஒலி அதனால் வந்ததுதான். அடுத்த பாட்டுக்கு விசையைத் திரும்பப் போட மறக்கக்கூடாது. அந்தத் தொகுப்பில் தனி கிதார் வாசிப்பே கிடையாது, புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

மேடையில் சுருதி மாற்றவே கூடாது. இரண்டரைக்கு ஒரு கிதார், ஒரு கட்டைக்கு ஒன்று. 2003 பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒரே முறை மாற்றினால் போதும். கம்பியை முந்தின நாளே போட்டு இழுத்து இழுத்துப் பழக்கட்டும். ஏசி வண்டியிலிருந்து இறக்கி நேரே மேடையேற்றினால் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அரைமணி நேரமாவது வெளியே நிழலில் இருக்கட்டும். நம்ம ஊர் வியர்வைக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைக்கச் சொல்.

வருகிற நாளில் காலையிலேயே இரண்டு கிதாரையும் என் வீட்டில் கொண்டுவந்து போடட்டும். அந்த ஒரு கட்டைக் கிதாரின் நட்டை நானே அராவித் தருகிறேன்.

அன்புடன்
உன் பழைய கூட்டாளி