ராத்திரி போனை யார் எடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் ஸ்டார்ட்-அப் நிறுவனங்களைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். பீன் பேக்கில் சாய்ந்தபடி லேப்டாப் தட்டும் பையன், டேபிள் டென்னிஸ் மேஜை, கண்ணாடிச் சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள். ‘கடிகாரம் பார்க்காதவர்கள்’ என்று மெச்சித் தலைப்பு வேறு. அப்படி ஓர் இடத்தில்தான் நான்கு வருடமாக நானும் வேலை பார்க்கிறேன். எங்களிடமும் டேபிள் டென்னிஸ் மேஜை உண்டு. அதன் மேல் பழைய மானிட்டர்கள் மூன்றும், யாருடையது என்று தெரியாத ஒரு ஹெல்மெட்டும் இருக்கின்றன. பந்தை நான் கண்ணால் கண்டதில்லை.

எனக்கு வயது 48. ஒரு வங்கியில் 19 வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து இங்கே சேர்ந்தேன். மருத்துவர்களிடம் இணையத்தில் முன்பதிவு செய்யும் செயலி எங்களுடையது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சின்ன கிளினிக்குகள். அலுவலகத்தில் மொத்தம் பதினோரு பேர். என்னை விட்டுவிட்டால் மூத்தவருக்கு 31 வயது. என் பதவிக்கு ‘கஸ்டமர் ஹேப்பினஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாராவது திட்டுவதற்குப் போன் செய்தால் எடுப்பது நான், அவ்வளவுதான்.

இங்கே மேல், கீழ் கிடையாது என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். நிறுவனரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு 29 வயது, என் அக்கா மகனைவிடச் சின்னவர். ஆனாலும் வங்கிப் பழக்கத்தில் ‘சார்’ என்றே வாயில் வந்தது. அவர் சிரிப்பார். என்னை அவர் ‘அக்கா’ என்றுதான் அழைக்கிறார். ஆறு மாதம் தடுமாறிவிட்டு நானும் ‘தம்பி’ என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் அதுதான் வசதியாக இருக்கிறது. என்ன, சம்பள உயர்வு பேசப் போகும் நாளில் மட்டும் யார் மேல், யார் கீழ் என்பது நன்றாகத் தெரியும்.

காலை பத்தேகாலுக்கு ஸ்டாண்ட்-அப், அதாவது எல்லோரும் நின்றபடியே ஒரு கூட்டம். நின்றுகொண்டு பேசினால் கால் வலிக்கும், சீக்கிரம் முடிப்பார்கள் என்பது கணக்கு. மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற முறைப்படி 15 நிமிடம்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் கால் வலிப்பதே இல்லை. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எதிலாவது சிக்கி நிற்கிறாயா என்று மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் ஆளாளுக்கு ஐந்து நிமிடம் பேசுவார்கள். மூன்றாவதுக்கு எல்லோரும் “ஒண்ணும் இல்ல” என்பார்கள். எங்கள் செயலி ஓடும் கணினியான சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் அப்படித்தான் சொல்வான், கண்ணைக் கசக்கிக்கொண்டே. முந்தின ராத்திரி அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்பது அந்த மூன்று கேள்விக்குள்ளும் வராது.

நான் எழுத வந்தது அந்தக் கண்ணைப் பற்றித்தான்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் அடித்தால் என் வயதுக்காரர்களுக்கு யார் முகமெல்லாம் வந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுமுனையில் ஒரு பல் டாக்டர். “உங்க மெசேஜைப் பாத்துட்டு எங்க பேஷன்ட் ஒருத்தர் எந்திரிச்சுக் குளிச்சுட்டாராம்மா. கிளம்பி வரட்டுமான்னு கேக்குறாரு” என்றார். ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் முன்பதிவு’ என்று காலை எட்டு மணிக்குப் போக வேண்டிய செய்தி இரண்டரைக்கே போயிருக்கிறது. போய்க்கொண்டும் இருக்கிறது.

சர்வர் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் விடுப்பில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான். ரயிலில் சிக்னல் இல்லை. நிறுவனரின் போன் சைலன்ட்டில் இருந்தது. இன்னொரு புரோகிராமர் எடுத்தான். “எனக்கு அந்த சர்வர் பாஸ்வேர்டு தெரியாதுக்கா” என்றான், பாவம், தூக்கக் கலக்கத்தில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். அதற்குள் இன்னும் எட்டு டாக்டர்கள் அழைத்துவிட்டார்கள். சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயராக எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து இருபதுக்கு ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்றது, தம்பிக்குச் சிக்னல் வந்தது. மேல் பெர்த்தில் குனிந்தபடி லேப்டாப்பைத் திறந்து சரிசெய்தான். நான்கு நிமிட வேலை. அதற்கு ஆள் தேடியதுதான் இரண்டரை மணி நேரம்.

என்ன நடந்தது என்று பிறகு எனக்கு விளக்கினான். பழைய சர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. எங்கள் காலை எட்டு மணிக்கு யுடிசி-யில் அதிகாலை இரண்டரை, அதைத்தான் அட்டவணையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாரம் மாற்றிய புதிய சர்வர் எங்கள் நேரத்திலேயே ஓடியது. எழுதியிருந்த எண்ணை அது அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கடிகாரம் பார்க்காதவர்கள்’ என்று நீங்கள் எழுதியது ஒரு வகையில் சரிதான்.

பிழை நடப்பதில் எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் ஸ்டாண்ட்-அப்பில் நடந்ததுதான் பிடிக்கவில்லை. நிறுவனர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். விடுப்பில் இருந்தவன் ரயிலில் வேலை பார்த்ததை ஒரு சாகசம் மாதிரிப் பேசினார்கள். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் ராக்கெட் பொம்மைகள் பறந்தன. (இந்த ஸ்லாக் பிறந்த கதையும் வேடிக்கை. 2012-இல் மூடப்பட்ட கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைச் செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவிதான் பிறகு ஸ்லாக் ஆனது. விளையாட்டு போய்விட்டது, அரட்டை நிலைத்துவிட்டது. அதில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ராத்திரி பதினொரு மணிக்கும் அதை அணைக்க எங்கள் பிள்ளைகளுக்கு மனசு வராது.) கடைசியில் நிறுவனர், “இதுதான் நம்ம குடும்பம்” என்றார்.

குடும்பத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்று எந்த வீட்டிலும் அட்டவணை போடுவதில்லை. ஆனால் யார் எழுந்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் அதே ஆள்தான். எங்கள் அலுவலகத்தில் அந்த ஆள் சர்வர் தம்பி. போன் எடுப்பது நான். இன்னொன்று, எங்கள் ஒப்பந்தப்படி நிறுவனப் பங்குகள் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் வருடம் முடியும் வரை ஒன்றுமே கிடையாது. ஸ்டார்ட்-அப்களில் இது வழக்கம்தான், குறை சொல்லவில்லை. பதினோராவது மாதத்தில் ஒரு பெண் வேலையை விட்டுப் போனாள், வெறுங்கையோடு போனாள். அன்றைக்கு யாரும் குடும்பம் என்ற சொல்லை எடுக்கவில்லை.

கைதட்டல் நடந்த அன்று மதியம் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் இணையதளத்தில் ‘99.9 சதவீத நேரமும் இயங்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 43 நிமிடம். அதாவது மாதம் முழுவதற்கும் சேர்த்தே 43 நிமிடம்தான் நாங்கள் படுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு உள்ள ஒரே ஆள் ரயிலில் போகும்போது இந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது? நிறுவனரிடம் காட்டினேன். அந்த எண்ணை இன்னொரு நிறுவனத்தின் தளத்தில் பார்த்துப் போட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். யாரிடம் எது என்று சாவிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விடுப்பில் போகிறவர் சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் போக முடியும். 19 வருடமும் அந்தப் பதிவேட்டை நான் சலித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். அதே மாதிரி ஒன்று இங்கே போடலாமே என்றேன். “அட்டவணை, ரிஜிஸ்டர்னு ஆரம்பிச்சா நம்மளும் ஆபீஸ் மாதிரி ஆயிடுவோம்க்கா” என்றார் நிறுவனர். ஆபீஸ்தானே இது?

அவரை மசிய வைத்தது நான் இல்லை, சர்வர் தம்பி எடுத்துக் காட்டிய ஒரு பழைய சம்பவம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ராத்திரி வெகுநேரம் வரை ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர், வேறொரு சர்வரில் அழிப்பதாக நினைத்து, இயங்கிக்கொண்டிருந்த முக்கிய சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிச்சம். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, ஆறு மணி நேரப் பழைய நகல் ஒன்றால் பிழைத்தார்கள். நடந்ததை அப்படியே வெளியில் எழுதினார்கள், அந்தப் பொறியாளர் மேல் பழி போடவும் இல்லை. தூக்கக் கண்ணோடு ரயில் பெர்த்தில் நம் தம்பி தட்டியது இதே மாதிரி ஒரு கட்டளையாக இருந்திருந்தால்? நிறுவனர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இல் சட்டத்தில் கொண்டுவந்தது. ஆனால் அதைப் பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. 15 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மட்டும் ஒரு வருடம் தள்ளி. பதினோரு பேர் எந்தக் கணக்கிலும் கடைசியில்தான் வருகிறோம்.

இப்போது தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. திங்கள் காலை பத்து முதல் அடுத்த திங்கள் பத்து வரை ஒருவர் முறை, அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர். விடுப்பில் இருப்பவர் பெயரில் கோடு. பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி எழுந்தவர் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வந்தால் போதும், ஸ்டாண்ட்-அப்பில் காரணம் சொல்ல வேண்டாம். நிறுவனர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

டாக்டர்கள் பெயரை எழுதிய அந்த நோட்டில், தாள் ஒட்டிய முதல் மாதம் 17 ராத்திரி அழைப்புகள் எழுதியிருக்கிறேன். அதில் 11, சர்வரில் இடம் 80 சதவீதம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை. காலையில் பார்த்தால் போதுமான விஷயம். ஒன்றரை வருடமாக அது சர்வர் தம்பியை எழுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாமே என்று அவன் கேட்டபோதெல்லாம், புதிய வசதிகளை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். நிறுவனரின் முறை வந்தது. செவ்வாய் ராத்திரி இரண்டு தடவை அவர் போன் அடித்தது, புதன் ராத்திரி ஒரு தடவை. வியாழக்கிழமை மதியத்துக்குள் அந்த எச்சரிக்கை பகல் நேரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. யாரும் கைதட்டவில்லை. அவரே கொஞ்சம் அசடு வழிந்தார்.

அடுத்த முறை ஸ்டார்ட்-அப் பற்றி எழுத அனுப்பும்போது, நிருபரைத் தண்ணீர் கேன் பக்கமும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு தாள் இல்லையென்றால் யார் கண் சிவந்திருக்கிறது என்று பார்த்து, அவரிடம் பேசச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால் என் பெயரும் ஊரும் வேண்டாம். வருகிற திங்கள் முதல் என் முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகி