ஆக்ஸ்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு

ஆக்ஸ்பர்க், ஜெர்மனி
ஜனவரி 7

அன்புள்ள அப்பாவுக்கு,

சேசுவுக்கே புகழ்! நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? பணம் அனுப்பியிருக்கிறேன். தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று போனில் கேட்டீர்கள். நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் "பூசைக்குப் போனேன்" என்று மட்டும் சொன்னேன். ஞாயிறு வாசகத்தைச் சனிக்கிழமை ராத்திரியே வாய்விட்டு வாசித்துப் பார்க்கிற உங்களுக்கு அந்தப் பதில் போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

25ஆம் தேதி முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. மறுநாள் ரயிலேறி சாங்க்ட் ஒட்டிலியன் மடத்துக்குப் போனேன். வெய்ல்ஹெய்ம் போகிற ரயிலில் அந்த மடத்தின் பேரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவிகள். நம் பங்கிலிருந்து குளித்தலை சாந்திவனத்துக்குப் போனோமே, அதுவும் இப்போது இதே ஆசீர்வாதப்பர் வழிதான். விருந்தாளியாக வருகிறவரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று அவர் 6ஆம் நூற்றாண்டிலேயே துறவிகளுக்கான தன் ஒழுங்கு நூலில் எழுதிவைத்தார். எனக்கு அங்கே கிடைத்த சூப்பிலும் ரொட்டியிலும் அது தெரிந்தது.

அந்த ஒழுங்கில் உடலுழைப்புக்கு நேரம் ஒதுக்கியிருப்பது போல, இறைநூல் வாசிப்புக்கும் தினமும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். வயதான துறவி ஒருவர் எங்களுக்கு அந்த வாசிப்பைச் சொல்லிக்கொடுத்தார். சின்னப் பகுதியாக எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். எந்த வரி மனதைத் தொடுகிறதோ அதோடு நின்று, அதையே அசைபோட வேண்டும். அப்புறம் அதைப் பற்றி ஆண்டவரிடம் பேச வேண்டும். கடைசியில் பேச்சும் நின்று, சும்மா அவர் முன்னால் இருக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற, கார்த்தூசிய சபைத் துறவி இதை ஏணியின் நான்கு படிகளாக எழுதியிருக்கிறாராம். இடையர்கள் வந்து போன பிறகு மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா சொல்கிறாரே, இந்த வாசிப்புக்கு மரியாவே முதல் குரு என்றார் அந்தத் துறவி.

நம் வீட்டில் 25ஆம் தேதி பிரியாணியோடு கிறிஸ்துமஸ் முடிந்துவிடும். மடத்திலோ அன்றுதான் தொடங்குகிறது. 26இல் கல்லெறிபட்டுச் செத்த முடியப்பர், 27இல் யோவான், 28இல் ஏரோது ராஜா கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிறந்த குழந்தையை இரண்டு நாள்கூட நிம்மதியாகக் கொஞ்ச விடாத காலண்டர் இது! அப்படி வைத்தது சரி என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

28ஆம் தேதி மத்தேயு 2ஆம் அதிகாரம். இராகேல் தன் குழந்தைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை அப்பா. சுனாமிதான் ஞாபகத்துக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி, சூசையும் மரியாவும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடிப்போன பகுதி. அதில் ஏரோது குழந்தைகளைக் கொன்ற மூன்று வசனங்களை விட்டுவிட்டுத்தான் வாசிப்பார்கள். அன்று காலையில்தானே கடல் உள்ளே வந்தது. நான் சின்னப்பெண். நீங்கள் சீனிவாசபுரத்துக்கு ஓடினீர்கள். இருட்டின பிறகு ஈர வேட்டியோடு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. அந்த மூன்று வசனங்களை அன்று நீங்கள் பட்டினப்பாக்கம் கரையில் வாசித்திருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த மடத்துக் கோவிலில்தான் உறைத்தது.

அந்த மடத்துக்கும் ஒரு கதை உண்டு. 1941இல் நாஜிகள் துறவிகளை வெளியேற்றிவிட்டு மடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1945இல் போர் முடிகிற சமயத்தில், வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதர்களுக்கு அது மருத்துவமனை ஆனது. 1948 வரை இருந்தது. பிழைக்காதவர்களின் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. ஆனால் அதே மூன்று வருடத்தில் 400க்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகள் அங்கே பிறந்தன அப்பா! குடும்பத்தில் எல்லாரையும் பறிகொடுத்த பெண்கள் பெற்ற பிள்ளைகள். நர்ஸ் என்பதாலோ என்னவோ, அதைக் கேட்டபின் அந்தக் கல்லறைப் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். மாசில்லாக் குழந்தைகள் விழாவை இதைவிடப் பொருத்தமான இடத்தில் கொண்டாட முடியாது.

நேற்று இங்கே மூன்று ஞானிகள் விழா, அரசு விடுமுறை. நம் ஊரில் டிசம்பரில் கேரல்ஸ் வருவது போல, இங்கே சிறுவர்கள் ராஜா வேஷத்தில் வீடு வீடாகப் பாடி, ஏழைக் குழந்தைகளுக்குக் காசு சேர்க்கிறார்கள். வாசல் நிலையில் சாக்பீஸால் ஆசீர் எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்கள் இல்லத்துக்கும் வந்தார்கள். பாட்டிகளுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. ஆனாலும் சில இடங்களில் பிப்ரவரி 2 வரை, குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுத்த விழா வரை, குடிலை எடுப்பதில்லை. அன்றைய நற்செய்தியில் வரும், மீட்பருக்காகக் காத்திருந்த சிமியோனையும் அன்னாவையும் நான் இப்போதே வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். அன்னாவுக்கு 84 வயது. அந்த வயதுக்காரர்களைத்தான் நான் தினமும் குளிப்பாட்டி, தலைசீவி, சூப் ஊட்டுகிறேன். ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் சன்னலோரம் உட்கார்ந்து, மகன் வந்துவிட்டானா என்று கேட்பார். முன்பெல்லாம் "நாளைக்கு வருவார் பாட்டி" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இப்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருகிறேன். அன்னாவும் கோவிலில் இப்படித்தானே வருடக்கணக்காக வாசலைப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 2 அன்று எனக்குக் காலை ஷிப்ட்தான். உங்களுக்கு ராத்திரி எட்டரை ஆகும்போது இங்கே நாலு மணி, அப்போது கூப்பிடுகிறேன். லூக்கா 2ஆம் அதிகாரம், 22இலிருந்து 40 வரை நீங்கள் வாசியுங்கள், நான் கேட்கிறேன். அதன்பின் உங்களுக்கு மனமிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாசகம் மட்டும் போதும். அதுவரை குடிலை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்