ஈர நெல்லின் செலவு யார் தலையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறுவை அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. அதை 22 ஆகத் தளர்த்துங்கள் என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறோம். கேட்பது நியாயம்தான். ஆனால், அந்தத் தளர்வுக்கும் ஒரு விலை உண்டு.

22 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டால் நெல்லை 17க்கு உலர்த்தினால் சுமார் 94 கிலோதான் மிஞ்சும். ஆறு கிலோ தண்ணீராகப் போகிறது. 2025-26ல் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் விலை. இந்தக் கணக்கில் இழப்பு ஏறக்குறைய 153 ரூபாய். மாநில அரசு தரும் ஊக்கத்தொகையே குவிண்டாலுக்கு 156 ரூபாய்தான்! இழப்பை விவசாயியின் விலையில் பிடித்தால், ஊக்கத்தொகை கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான்.

2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறோம். சரி, விதி தளர்ந்தால் ஆகும் செலவுக்கு அதில் முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கலாமே? நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரம் வாங்கவும் அதிலேயே வழி செய்யலாம். இப்போது மழை கொட்டிய பிறகு டெல்லிக்குக் கடிதம் எழுதி, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் சாலையோரம் குவித்த நெல் முளைத்துவிடுகிறது. தார்ப்பாய் போட்டு இரவெல்லாம் காவல் இருந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

அடுத்த குறுவைக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி