49ஆவது மணி நேரத்துக்குப் பணம் எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிர் பிழைத்தவர்களில் கழுத்திலோ முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு 49ஆவது மணி நேரத்திலிருந்து பல பத்தாண்டு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. அந்த வாழ்க்கைக்கும், அதை மேம்படுத்தும் ஆய்வுக்கும் சட்டப்படி நிதி ஒதுக்கச் சொல்லிப் பல ஊர்களில் மனு கொடுக்கிறார்கள். மனுக்கள் எங்கே போய்த் தேங்குகின்றன என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

பணம் எதற்கு என்பது முதலில் மனுவில் தெளிவாக இருக்க வேண்டும். கால் வராததுதான் பிரச்சினை என்று வெளியில் நினைக்கிறார்கள். ஆளைக் கொல்வது மூத்திரப்பையும் படுக்கைப் புண்ணும். பை நிறைந்தது மூளைக்குத் தெரியாது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 400 - 500 மில்லிக்கு மேல் சேருவதற்குள், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு வடிக்க வேண்டும். தவறினால் பையில் அழுத்தம் ஏறி மூத்திரம் சிறுநீரகத்துக்கே திரும்பும். தொற்று, குளிர்காய்ச்சல், சிலருக்குக் கடைசியில் டயாலிசிஸ். நாளைக்கு 5 என்றால் மாதத்துக்கு 150 கதீட்டர். ஒருமுறை போட்டுத் தூக்கியெறிய வேண்டிய குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவில் காயவைத்து, நாள்கணக்கில் ஓட்டுவதுதான் வீடுகளில் நடக்கிறது.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வீல்சேரில் என்றால் அரை மணிக்குள் ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நல்ல ஏர் குஷன் இல்லாத வீல்சேர் புண்ணை வரவழைக்கும் நாற்காலிதான். இலவசமாகக் கொடுத்தாலும் அப்படித்தான். நெஞ்சின் நடுவுக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவருக்கு இன்னோர் ஆபத்து உண்டு. மூத்திரக் குழாய் மடங்கி அடைத்தாலே ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து அடைப்பை எடுக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவுவரை போய்விடும். மாத்திரை தேடுவதற்கு முன் குழாயைப் பார் என்று ஆரம்ப சுகாதார நிலையம்வரை கற்றுக்கொடுக்கவும் பணம் வேண்டும்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 24ஆம் பிரிவு உபகரணம், மருந்து, பராமரிப்பாளர் உதவித்தொகை எல்லாவற்றையும் சொல்கிறது. 27ஆம் பிரிவு மறுவாழ்வு, 28ஆம் பிரிவு ஆய்வு. ஆனால் 24, 27 இரண்டிலும் அரசு தன் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ செய்யும் என்று ஒரு வால் இருக்கிறது. 28இல் அந்த வால் இல்லை, தொகையும் இல்லை. தவிர, சட்டத்தின் அட்டவணையில் தண்டுவடக் காயத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. போலியோவில் ஒரு கால் சூம்பியவரும், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவரும் கை கால் இயக்கக் குறைபாடு என்ற ஒரே கூடையில். ஊன்றுகோலும், காலைத் தாங்கும் காலிப்பர் பட்டையும் அந்தக் கூடைக்கு எளிதாக வரும். மாதம் 150 கதீட்டர் வராது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கிக் கடனுதவியில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டமும் அதன் ‘விழுதுகள்’ சேவை மையங்களும் வரவேற்கத்தக்கவை. கடனில் நடக்கும் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, தண்டுவடக் காயத்துக்கு இல்லை.

இனி மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு வருகிறோம். கலெக்டருக்குப் புதிய செலவினத் தலைப்பை உருவாக்கும் அதிகாரமே இல்லை. மனு கீழே போய், ‘விதிகளில் இடமில்லை’ என்ற பதிலோடு திரும்பும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைப் பிடித்துத் தனிநபர் மசோதா கொண்டுவரச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 207ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: அரசின் வரவெல்லாம் சேரும் தொகுநிதியிலிருந்து செலவு வைக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் பேரவை நிறைவேற்ற முடியாது. நிதித்துறை தலையசைக்காமல் அந்தப் பரிந்துரை வராது.

ஆகவே தட்ட வேண்டிய கதவுகள் வேறு. ஒன்று, பேரவையின் மனுக்கள் குழு. தமிழில் ஐந்து நகல், தேதியோடு கையொப்பம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறை கூடாது. நம்மவர்கள் வழுக்குவது இங்கேதான். கதீட்டர், வீடு, பஸ் பாஸ், பிள்ளைக்கு வேலை என்று நாலையும் ஒரே தாளில் எழுதினால் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிக்காமல், ஒரு நபருக்கு மாதம் என்ன பொருள், எத்தனை, நம் மாவட்டத்தில் எத்தனை பேர், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் காட்டுங்கள். மாவட்டக் கணக்கு இல்லையென்றால் தண்டுவடக் காயப் பதிவேடு கேட்பதையே முதல் மனுவாக்கலாம். எத்தனை பேர், எந்த முள்ளெலும்பு மட்டத்தில் அடிபட்டவர்கள், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு, எதனால் இறந்தார்கள்: ஆய்வு என்றால் அதுவும்தான்.

இன்னொன்று காலம். பட்ஜெட் உரையைக் கேட்டுவிட்டு மனு எழுதுவது பஸ் போன பிறகு கை காட்டுவது. துறைகள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குப் பல மாதம் முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு முன்னாலேயே துறைச் செயலரிடமும் நிதித்துறையிடமும் தாள் போயிருக்க வேண்டும். பேரவையில் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது, சென்ற ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தொகுதி உறுப்பினர் கையில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு நிறைய நகல் எடுக்கலாம்.

பணம் எங்கிருந்து என்பதையும் நாமே எழுதிக் கொடுப்பது நல்லது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கழுத்து முறிந்த ரோமன் ரீட் என்ற இளைஞரின் பெயரில் 1999இல் தண்டுவட ஆய்வுச் சட்டம் வந்தது. குடும்பமும் ஆராய்ச்சியாளர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் தலைநகரம் சாக்ரமெண்டோவுக்கு அலைந்து பெற்ற சட்டம். ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கிடைத்தது. கருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குருத்தணுவை (ஸ்டெம் செல்) தண்டுவடக் காயத்துக்கு மனிதர்களிடம் 2010இல் முதன்முதலாகச் சோதித்ததற்கு முந்தைய ஆய்வுகளில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. ஆனால் தொகை பொதுநிதியிலிருந்து வந்தது. மாநில பட்ஜெட் நெருக்கடியில் சட்டம் அப்படியே இருக்க, பணம் நின்றுபோனது. நியூயார்க் மாநிலம் 1998இல் போக்குவரத்து விதிமீறல் அபராதத்தோடு ஒரு கூடுதல் கட்டணம் சேர்த்து, ஆண்டுக்கு 85 லட்சம் டாலர்வரை தண்டுவட ஆய்வு நிதிக்கு என்று எழுதியது. அங்கும் நெருக்கடிக் காலத்தில் கை வைத்தார்கள். ஆனாலும் வரவுக்கு வழி சட்டத்திலேயே இருந்ததால், அதைக் காட்டிப் போராடி நிதியை மீண்டும் வாங்க முடிந்தது.

இங்கே ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம். அது தொகுநிதிக்குள் போனால் போனதுதான், ஆகவே ஒவ்வோர் அபராதத்திலும் 10 ரூபாய்க்குச் சமமான தொகையைத் தண்டுவடக் காயப் பராமரிப்புக்கும் ஆய்வுக்கும் என்று தனிக் கணக்குத் தலைப்பில் ஆண்டுதோறும் ஒதுக்கச் சட்டத்திருத்தம் கேட்கிறோம். அதில் பராமரிப்புக்கு எவ்வளவு, ஆய்வுக்கு எவ்வளவு என்ற பங்கையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதல் ஆண்டு முழுத் தொகைக்கும் விழா வைத்து வீல்சேர் வாங்கிவிடுவார்கள், அதுவும் குஷன் இல்லாமல்.

இப்படிக்கு,
தண்டுவடம் பாதிக்கப்பட்டோரும் பராமரிப்பாளர்களும்,
தென்காசி மாவட்டம்.