ஓகஸ்ட் விடுமுறையில் கிழக்குக் கரைக்குப் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது நமது தேயிலைத் தோட்டங்களில் இளைஞர் மன்றங்களும் கோயில் சபைகளும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போவது வழக்கம். அந்தப் பஸ்களில் பல, கதிர்காமத்தில் கும்பிட்டுவிட்டுத் தெற்குக் கரையிலுள்ள கிரிந்தவுக்கோ, கொழும்பைச் சுற்றிவிட்டு மேற்குக் கரையிலுள்ள கல்கிசைக்கோ போகின்றன. நீந்தத் தெரியாத நம் பிள்ளைகளை அந்த மாதத்தில் அந்தக் கடல்களில் இறக்குவது ஆபத்து என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளில் நேராக மோதுவதால் அங்கே அலை உயர்ந்து, இடுப்பளவு நீரில் நிற்பவரையும் உள்ளே இழுத்துவிடுகிறது. மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் கொழுந்து பறிப்பவர்களை நனைக்கும் அதே காற்று, மலையைத் தாண்டும்போது ஈரத்தை இழந்து, மட்டக்களப்பில் கச்சான் என்னும் வறண்ட காற்றாக வீசுகிறது. அப்போது கிழக்குக் கடல் தணிந்திருக்கும்.

பதுளைப் பக்கத்து மக்களுக்கு நான் முதலில் சொல்வது பாசிக்குடாவைத்தான். பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியில் விடியுமுன் புறப்பட்டால், வழியில் மஹாஓயா வெந்நீர் ஊற்றையும் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் சேரலாம். முருகைக்கற்பாறை அலையைத் தடுப்பதால், அங்கே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. வாழ்நாளெல்லாம் மலையிலேயே உழைத்த பாட்டிமார், சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அச்சமின்றி உள்ளே நடந்துபோவதை அங்கே பார்க்கலாம். ஆனால் காற்றடைத்த டியூப்பில் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். கச்சான் அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும்.

பண்டாரவளைக்காரர்களுக்கு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக அறுகம்குடா உண்டு. அது அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் கடல் என்பதால், குளிப்பவர்கள் முனைப்பக்கம் போகாமல் குடாவின் உட்பகுதியிலேயே நிற்க வேண்டும். மாத்தளையிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் போகலாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்களுக்குக் கிழக்கு ஒரே நாளில் அடங்காது. அவர்கள் தென்மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நீர்கொழும்புக்கோ கல்கிசைக்கோ போவதே நல்லது.

எங்கே போனாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் கடலைவிட்டு ஏறிவிட வேண்டும். பகல் முழுவதும் ஓட்டிய சாரதி இருளில் மலை வளைவுகளில் பஸ்ஸை ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் காலை வேளையிலேயே நேர்ந்து பலரைப் பலிகொண்ட பஸ் விபத்தை ஊவா மக்கள் மறக்கவில்லை.

கரையோர உள்ளூராட்சி சபைகளிடம் ஒரு வேண்டுகோள்: பெண்கள் உடை மாற்ற ஒழுங்கான அறைகள் வேண்டும். நான்கு பேர் சேலையைச் சுற்றிப் பிடிக்க, நடுவில் நின்று ஈர உடை மாற்றும் நிலை நம் பெண்களுக்கு இன்னும் இருக்கிறது. தங்கள் பத்திரிகையும் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல்நிலை அறிவித்தலை முதற்பக்கத்தில் வெளியிட்டால், பஸ்ஸுக்கு முற்பணம் கொடுக்குமுன் தோட்டத்து மக்கள் அதைப் படித்து முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்,
பதுளை.