பள்ளிக் காப்பீடு: ரசீதில் இருப்பதும் பாலிசியில் இல்லாததும்

ஆசிரியருக்கு,

கல்வியாண்டின் தொடக்கத்தில் தரப்படும் கட்டண ரசீதில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். தனியார் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் அந்தப் பணத்துக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் மாணவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடுதான். பிள்ளைக்கு எது நடந்தாலும் அது பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பள்ளிக்கு எது நடந்தாலும் அதுவே போதும் என்று தாளாளர் நம்புகிறார். இரண்டும் தவறு.

விபத்து பாலிசியின் அடிப்படை வடிவத்தில் உயிரிழப்புக்கு முழுத் தொகை, இரு கண்களோ இரு கை கால்களோ போனால் முழுத் தொகை, ஒன்று போனால் பாதி. பள்ளியில் அன்றாடம் நடப்பதோ சறுக்குமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவது. தகடு வைத்துத் தைத்த ஆஸ்பத்திரி பில்லுக்கு இந்த அடிப்படை பாலிசியில் ஒரு ரூபாய்கூட வராது. மருத்துவச் செலவுக்கான இணைப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். டெங்கு, மஞ்சள்காமாலை எல்லாம் விபத்துக் கணக்கிலேயே வராது. 24 மணி நேரமும் செல்லுமா, பள்ளி நேரத்துக்கு மட்டுமா, சுற்றுலா சேருமா என்பதை, பாலிசியின் விவரங்கள் அடங்கிய அட்டவணைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஜூனில் மாணவர் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளைகளின் பெயரை அனுப்ப மறந்துவிடுவதும் உண்டு.

பள்ளியின் கவனக்குறைவுக்காக நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை இந்த பாலிசி தொடாது. அதற்கு 'பப்ளிக் லயபிலிட்டி' எனப்படும் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இத்தகைய விபத்தில் கட்டட பாலிசி சுவருக்குத்தான் பணம் தரும். அதுவும் வெள்ளம், புயல் போன்ற காரணம் இருந்தால். பராமரிப்பின்றி இற்று விழுந்தால் சுவருக்கும் கிடையாது.

1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளி கேட்க வேண்டியது, தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பாலிசியை. அதில் ஒரு விபத்துக்கு ஓர் உச்சவரம்பு, ஆண்டு முழுமைக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். வேனில் பத்துக் குழந்தைகளை அழைத்துப்போகும் பள்ளியும் ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியும் ஒரே வரம்பை எடுப்பதில் அர்த்தமில்லை. கெட்டுப்போன உணவால் வரும் பாதிப்பு, நீச்சல் குளம், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பாலியல் அத்துமீறல் தொடர்பான கோரிக்கைகள் வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். புதுப்பிப்பதில் இடைவெளி விழுந்தால், முன்பு நடந்து பின்னர் கோரிக்கை வரும் சம்பவங்களுக்கான பாதுகாப்பே போய்விடலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

பேருந்துக்கு வருவோம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, கல்வி நிறுவனப் பேருந்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் (வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கானது) அடிப்படை பிரீமியம் ரூ.12,192. அதோடு அனுமதிக்கப்பட்ட பயணி ஒருவருக்கு ரூ.745. நாற்பது பேருக்கு அனுமதி உள்ள வண்டிக்கு ரூ.41,992, வரி தனி. வண்டியில் அறுபது பேரை ஏற்றினால் என்ன ஆகும்? எத்தனை பயணிகளுக்குக் காப்பீடு உள்ளதோ அந்த எண்ணிக்கைக்குத்தான் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மீதி, வண்டி உரிமையாளர் தலையில். தகுதிச் சான்று காலாவதியானாலோ, ஓட்டுநர் உரிமம் அந்த வகை வண்டிக்கு இல்லையென்றாலோ, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த பணத்தைப் பள்ளியிடமே திரும்ப வசூலிக்க நிறுவனம் முனையும். படியருகே நிற்கும் உதவியாளருக்கான பொறுப்பைத் தனி இணைப்பாகச் சேர்ப்பது நல்லது. செலவு மிகச் சொற்பம்.

கட்டடத்துக்குக் காப்பீட்டுத் தொகையை வங்கிக் கடன் அளவுக்கு வைப்பதுதான் பெரிய பிழை. 12,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ.2,200 என்றால் மதிப்பு ரூ.2.64 கோடி. கடன் ரூ.1.20 கோடி என்பதால் அதற்கே பாலிசி எடுத்திருந்தால், மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடு உள்ளதோ அதே விகிதத்தில்தான் பணம் வரும்; பத்து லட்சம் சேதத்துக்குக் கையில் வருவது சுமார் ரூ.4.55 லட்சம்தான். ஒரே இடத்தில் மொத்த மதிப்பு ஐந்து கோடிக்குள் இருந்தால், சிறு நிறுவனங்களின் சொத்துகளுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி எடுக்கலாம். அதில் 15 சதவீதம் வரையிலான குறைவுக்குப் பிடித்தம் இல்லை. மனை விலையைச் சேர்க்க வேண்டாம். சுற்றுச்சுவரை மறக்காமல் குறிப்பிடுங்கள். இடம் அறங்காவலரின் சொந்தப் பெயரில் இருந்து, பாலிசி பள்ளிப் பெயரில் இருந்தால், கோரிக்கை அங்கேயே சிக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மடிந்ததற்குப் பிறகும், சாப்பாட்டுக் கூடம், சைக்கிள் நிறுத்தம் என்று கீற்றுக் கொட்டகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே போதும்.

வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத்தான் பலர் போன் செய்கிறார்கள். முதலில் தகவல் கொடுத்துவிட்டு, சுவரில் நீர் நின்ற கோட்டோடு ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். நனைந்த கணினிகளை, சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போட வேண்டாம். பொருள் பதிவேட்டின் நகலையும் ரசீதுகளையும் பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருங்கள்.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று கேட்கும் கல்வித் துறை, பொதுப் பொறுப்பு பாலிசியின் அட்டவணைப் பக்கத்தையும் கேட்க வேண்டும். அதுவரை பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பொறுப்பு பாலிசியின் வரம்பு எவ்வளவு, பேருந்து பாலிசியில் எத்தனை பயணிகள், மாணவர் விபத்து பாலிசியில் மருத்துவச் செலவு உண்டா?

இப்படிக்கு,
பொதுக் காப்பீட்டு ஆலோசகர்,
திருச்சி