பொலிஸ் அடித்தால் முதல் ஒரு மாதம்

ஆசிரியர் அவர்கட்கு,

பொலிஸ் காவலில் அடி வாங்கி வந்தவருக்கு எண்ணெய் தடவிப் படுக்க வைக்கிறோம். பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடுகிறது. கண்டல் காயம் இரண்டு கிழமைக்குள் மஞ்சளாகி மறைந்துவிடும். உள்ளங்காலில் பொல்லால் அடித்த அடி அதற்கு முன்னரே தெரியாமற் போகலாம்.

அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் சேருங்கள். "எப்படிக் காயம்?" என்று டாக்டர் கேட்டு டிக்கெட்டில் (நோயாளியின் ஆஸ்பத்திரிப் பதிவுத் தாளில்) எழுதும் ஒரு வரிதான் பிறகு நீதிமன்றம் வரை போகும். பயத்தில் "விழுந்திட்டன்" என்றால் அதுவே பதிவு. எங்கே, எதனால், எத்தனை பேர் அடித்தார்கள் என்று சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் (காயத்தைச் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் டாக்டரிடம்) அனுப்பக் கேளுங்கள். கூட்டி வந்த பொலிஸார் கட்டிலருகே நின்றால் வெளியே நிற்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் நீதவானிடம் காயத்தைக் காட்டிப் பதியச் செய்யுங்கள். சாதாரணச் சட்டத்தில் (பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவை அல்லாதபோது), பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் கைதானவரை நீதவான் முன் நிறுத்தியாக வேண்டும்.

படமும் எடுங்கள்: முதலில் முகத்தோடு, பிறகு காயத்தருகே ஒரு 5 ரூபாய்க் குற்றி வைத்து. 2006 ஜனவரி 2இல் நமது திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்துச் செத்தார்கள் என்ற கதையை உடைத்தது பிணவறையில் எடுத்த படங்கள்தான். எடுத்த பத்திரிகையாளர் அதே மாதம் 24இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் இந்த ஊர் மறக்கவில்லை.

சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் குறைந்தது 7 வருடச் சிறை என்கிறது. ஆனால் அந்த வழக்கைத் தொடுப்பது சட்டமா அதிபர். நம் கையில் இருப்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை: சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் மனு. அவகாசம் ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பலர் சறுக்குவது இங்கேதான்: முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கான கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தை நம்பி இராமல், மாதம் முடியுமுன் சட்டத்தரணியைப் பிடிப்பதே புத்தி.

இன்னொன்று. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதக் கேளுங்கள்; மறுத்தால் "வாசித்து விளக்கவில்லை" என்று தமிழில் எழுதி அதன் கீழே ஒப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திருகோணமலை.